பாட்டியின் பெயரை விட்டுவிட்டு வீட்டை விற்கலாமா?

வாசகர் கேள்வி: சென்னை அடையாறு காந்தி நகரில் இரண்டு கிரவுண்டு மனையும் அதிலுள்ள தனி வீடும் எங்கள் குடும்பச் சொத்து. அரசு அலுவலராக இருந்த எங்கள் அப்பா, 1961-இல் தம் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் 1994-இல் உயில் எழுதாமல் காலமானார். எனக்கு நியூஜெர்சியில் ஓர் அண்ணனும் பெங்களூரில் ஒரு தம்பியும் இருக்கிறார்கள். 88 வயதான அம்மாவுடன் அந்த வீட்டில் இருப்பது நான்தான். தெரு முழுக்க நிழல் விழும் மரங்கள், வீட்டுக்குப் பின்னால் அப்பா வைத்த மாமரம் என்று எல்லாம் இருந்தும், பராமரிக்க முடியாமல் விற்க முடிவு செய்துவிட்டோம். ஒரு மருத்துவத் தம்பதியர் தாங்களே குடியிருக்கப் போவதாகச் சொல்லி 12 கோடி ரூபாய்க்குக் கேட்கிறார்கள். 25 லட்சத்துக்கு முன்பணக் காசோலையும் தந்திருக்கிறார்கள். இன்னும் வங்கியில் போடவில்லை. தை பிறந்ததும் பத்திரம் முடிக்க வேண்டும் என்கிறார்கள். அப்பாவின் வாரிசுச் சான்றில் எங்கள் நால்வரோடு அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரும் இருக்கிறது. பாட்டி 2001-இல் இறந்துவிட்டதால் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று தரகர் சொல்கிறார். எனக்கு 1984-இல் திருமணம் ஆகிவிட்டதால் பங்கு கிடையாது என்று தம்பி எங்கோ கேட்டுவிட்டு வந்திருக்கிறார். வீட்டையும் மாமரத்தையும் பத்து ஆண்டுகளுக்காவது இடிக்கவோ வெட்டவோ கூடாது என்று பத்திரத்தில் எழுத முடியுமா? 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்ததை வாங்குபவர்களிடம் சொல்ல வேண்டுமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

வழக்குரைஞர் பதில்:

நீங்கள் அனுப்பிய ஆவண நகல்கள் அனைத்தையும் படித்துப் பார்த்தேன். விலையிலோ வாங்குபவரிடத்திலோ எனக்குக் குறை தெரியவில்லை. யார் யார் கையெழுத்திட்டால் இந்த வீடு முழுமையாக விற்பனையாகும் என்பதில்தான் உங்கள் குடும்பமும் தரகரும் தவறான எண்ணத்தில் இருக்கிறீர்கள். ஆகவே அதை முதலில் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வட்டாட்சியர் 1994-இல் கொடுத்த வாரிசுச் சான்றின் ஐந்தாவது வரியில் பாட்டியின் பெயரும், அதற்கு நேராக 'தாயார்' என்ற உறவுமுறையும் தட்டச்சு செய்யப்பட்டிருக்கின்றன. பின்னாளில் யாரோ அந்த வரியைப் பென்சிலால் மெல்லிதாக அடித்து, பக்கத்தில் 'காலம்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பென்சில் கோட்டுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் தம் சுயசம்பாத்தியச் சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகிய எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். எல்லோருக்கும் சமமான பங்கு. தந்தை இந்த வகுப்பில் வரமாட்டார், தாய் வருவார். தங்கள் கணவர் அல்லது அப்பாவின் சொத்து தங்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பல குடும்பங்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் சென்னையின் பழைய குடியிருப்புகளில் உரிமை ஆய்வுக்கு வரும் ஆவணங்களில் மிக அடிக்கடி நான் நிறுத்தி வைப்பது இந்த ஓர் இடத்தில்தான்.

உங்கள் அப்பா கண்மூடிய அந்தக் கணத்திலேயே வீடு ஐந்து பங்காகிவிட்டது: அம்மா, நீங்கள், அண்ணன், தம்பி, பாட்டி ஆகியோருக்கு ஆளுக்கு ஐந்தில் ஒன்று. பாட்டி 2001-இல் இறந்தபோது அவருடைய பங்கு உங்கள் நால்வருக்கும் திரும்பி வந்துவிடவில்லை. அது அவருடைய சொந்தச் சொத்து. பெண்களின் சொத்துக்கு அச்சட்டம் வேறு வரிசை வைத்திருக்கிறது. மகன்களும் மகள்களும் கணவரும் முதலில் வருவார்கள், முன்னதாக இறந்துவிட்ட மகன் அல்லது மகளின் பிள்ளைகள் அவருடைய இடத்தில் நிற்பார்கள். உங்கள் தாத்தா அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆகவே பாட்டியின் ஐந்தில் ஒரு பங்கு மூன்று கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளை உங்கள் அப்பாவுடையது. அதில் பிள்ளைகளான நீங்கள் மூவர் மட்டும் வருவீர்கள், மருமகளான உங்கள் அம்மா வரமாட்டார். மற்ற இரண்டு கிளைகள் உங்கள் சித்தப்பாவும், கும்பகோணத்தில் இருக்கும் அத்தையும். சித்தப்பா 2012-இல் காலமானதால் அவருடைய பங்கு இப்போது கோயம்புத்தூரில் இருக்கும் சித்திக்கும் அவர் மகனுக்கும் சேர்ந்தது.

பணமாகக் கணக்கிட்டால் 12 கோடியில் அம்மாவுக்கு 2 கோடியே 40 லட்சம், உங்கள் மூவருக்கும் ஆளுக்கு ஏறத்தாழ 2 கோடியே 67 லட்சம், அத்தைக்கு 80 லட்சம், சித்தப்பா குடும்பத்துக்கு 80 லட்சம். பாட்டி உயில் ஏதாவது எழுதி வைத்திருந்தாலோ, வீடு வாங்கிய பணம் கூட்டுக்குடும்பத்துப் பணம் என்று யாராவது நிரூபித்தாலோ இந்தக் கணக்கு மாறும். நீங்கள் சொன்னவற்றிலும் ஆவணங்களிலும் அப்படி எதுவும் தென்படவில்லை.

இவ்வளவு ஆண்டுகள் அத்தையும் சித்தப்பா குடும்பத்தாரும் வாய் திறக்கவில்லையே, உரிமை காலாவதி ஆகியிருக்காதா என்று கேட்பீர்கள். ஆகாது. கூட்டுப் பங்குதாரர்களில் ஒருவர் வீட்டில் குடியிருந்தால், சட்டத்தின் பார்வையில் அவர் எல்லோருக்காகவும் குடியிருக்கிறார். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அது அவர்களுக்குத் தெரியும்படி தனியே அனுபவித்தால்தான் காலக்கெடு ஓடத் தொடங்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் அத்தை அந்த வீட்டுக்கு வந்து தங்கிப் போனார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மறுப்பு எதுவும் நடக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

தம்பி சொன்ன திருமணக் கதைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்கு இணையான பிறப்புரிமை கொடுத்தது. 1984-இல் திருமணமான பெண்ணுக்குப் பங்கு இல்லை என்ற பேச்சு அதிலிருந்து கிளம்பியது. அப்பாவின் சுயசம்பாத்தியத்துக்கும் அந்தத் திருத்தத்துக்கும் தொடர்பே இல்லை. சுயசம்பாத்தியச் சொத்தில் மகளுக்கு 1956-லிருந்தே மகனுக்குச் சமமான பங்கு இருக்கிறது, திருமணம் எப்போது நடந்திருந்தாலும் சரி. அத்தைக்கும் அதே நிலைதான். அவர் தம் தாயின் வாரிசாக வருகிறார். எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டார் என்பது பொருட்டல்ல.

இனி செய்ய வேண்டியது. அத்தை, சித்தி, சித்தி மகன் ஆகிய மூவரிடமும் நீங்களே நேரில் போய் விவரம் சொல்லுங்கள், தரகரை அனுப்பாதீர்கள். அவர்கள் தங்கள் பங்கைப் பெற்றுக்கொண்டு உங்களோடு சேர்ந்து கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்திடுவதே மிக எளிய வழி. இதற்குத் தனியாக விடுதலைப் பத்திரம், அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் சேர வேண்டிய தொகையைப் பத்திரத்திலேயே குறிப்பிட்டு, வாங்குபவர் அவரவர் கணக்கில் நேரே செலுத்திவிடலாம். பணமே வேண்டாம் என்று அத்தை மனமுவந்து சொன்னால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். ஆனால் 80 லட்சம் என்ற தொகையை வெளிப்படையாகச் சொன்ன பிறகு அவர் எடுத்த முடிவாக அது இருக்க வேண்டும். 'ஒரு கையெழுத்துதான், சும்மா போடுங்கள்' என்று வாங்கிய விடுதலை பிற்பாடு நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம். குடும்பத்தாருக்கு இடையிலான விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை இருக்கிறது. அத்தையும் அவருடைய அண்ணன் பிள்ளைகளான நீங்களும் அந்தச் சலுகையின் உறவுப் பட்டியலுக்குள் வருகிறீர்களா என்று எழுதுவதற்கு முன்பே சார்பதிவாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அத்தைக்கு 84 வயது, அம்மாவுக்கு 88. அலுவலகம் வர முடியாதவர்களுக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது; மருத்துவச் சான்றோடு மனுக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா தம் ஐந்தில் ஒரு பங்கைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார் என்று ஓரிடத்தில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த 2 கோடியே 40 லட்சம் அம்மா பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகட்டும். பிள்ளைகள் மூவரும் நல்லவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இந்த வயதில் குடியிருந்த வீட்டை விட்டுப் போகிறவரின் கையில், யாரிடமும் கேட்காமல் செலவு செய்யக்கூடிய பணம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மீது பதிவான பரிமாற்றங்களின் பட்டியல். 1975-க்குப் பிந்தைய பதிவுகளை மட்டும் இணையத்தில் எடுத்து, 'வில்லங்கம் இல்லை' என்று தரகர் தந்திருக்கிறார். காந்தி நகர், நாட்டு விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் வழியாக உருவான குடியிருப்பு. அங்கே முதலில் மனை ஒதுக்கீடு பெற்றவர்களில் பலர் கடன் வாங்கித்தான் வீடு கட்டினார்கள், மனையும் கட்டடமும் அந்தக் கடனுக்கு அடமானமாக இருந்தன. உங்கள் அப்பாவின் 1961 கிரயப் பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில், விற்றவர் 'சங்கத்துக்குச் சேர வேண்டிய கடன் பாக்கி முழுவதும் தீர்க்கப்பட்டுவிட்டது' என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது பதிவானதாக எங்கும் குறிப்பு இல்லை, உங்கள் கோப்பிலும் அது இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் கடனுக்காக இன்று யாரும் வழக்குப் போட முடியாது என்பது உண்மை. ஆனாலும் வாங்குபவர்கள் வங்கிக் கடனுக்குப் போனால், வங்கியின் வழக்குரைஞர் இந்த வரியில் வந்து நிற்பார். எனவே 1975-க்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய அட்டவணைப் புத்தகங்களைக் கையால் தேடித் தரும் வில்லங்கச் சான்றுக்கு இப்போதே மனுக் கொடுங்கள். பதிவு எல்லைகள் பலமுறை மாறியிருப்பதால், எந்த அலுவலகத்தில் தேட வேண்டும் என்பதைப் பழைய பத்திரத்தின் பின்பக்கத்திலுள்ள பதிவு முத்திரையைப் பார்த்துத் தீர்மானியுங்கள். தேடியும் ரசீது அகப்படாவிட்டால், பாக்கி எதுவும் இல்லை என்று சங்கத்திடமிருந்து கடிதம் வாங்கிக்கொள்ளலாம். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. அதை வாரிசுகள் அனைவரின் பெயருக்கும் மாற்றி, நகர அளவைப் பதிவேட்டில் உள்ள பரப்பும் பத்திரத்தில் உள்ள பரப்பும் நேரில் அளந்த பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டையும் மாமரத்தையும் பத்து ஆண்டுகளுக்குத் தொடக் கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதலாம், ஆனால் அது செல்லாது. ஒரு சொத்தை முழு உரிமையோடு ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, அதை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று கட்டளை போட்டால், அந்தக் கட்டளை இல்லாததாகவே கருதப்படும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் 11-ஆம் பிரிவு சொல்கிறது. பக்கத்திலேயே உங்களுக்கு இன்னொரு நிலம் இருந்து, அதன் நல்ல அனுபவத்துக்காக விதித்த நிபந்தனையாக இருந்தால் நிலைமை வேறு. உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. கணக்கையும் பாருங்கள். இரண்டு கிரவுண்டு என்பது 4,800 சதுர அடி. 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரு மடங்கு கட்டலாம். தெருவின் அகலம், ஆற்றங்கரைக்கான கட்டுப்பாடுகள் போன்றவை இடம் கொடுத்தால், அந்த மனையில் 9,600 சதுர அடி வரை கட்டலாம். 12 கோடி என்பது நிலத்துக்குச் சதுர அடிக்கு 25,000 ரூபாய். தேக்குக் கதவுகளுக்கும் சிவப்புச் சிமெண்டுத் தரைக்கும் மாமரத்துக்கும் அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. மருத்துவத் தம்பதியர் மனதார இன்று சொல்வதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு பில்டர் வந்து கேட்கும்போது அவர்களுக்கு அந்த உரிமை இருக்கும், உங்களுக்குத் தடுக்க உரிமை இருக்காது. வீடு நிற்க வேண்டும் என்பதே உங்களுக்கு முதன்மை என்றால், பழைய வீட்டின் மீது உண்மையான ஆசை கொண்டவருக்கு விலையைக் குறைத்தாவது விற்பதுதான் வழி. அப்போதும் நம்பிக்கை ஒன்றைத் தவிர வேறு பிடிமானம் இருக்காது. ஏழு பங்குதாரர்கள் இருக்கும் சொத்தில் அந்த விலைக்குறைப்புக்கு எல்லோரையும் சம்மதிக்க வைப்பது கடினம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2015 வெள்ளத்தைச் சொல்லிவிடுங்கள். வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் தெரியாத முக்கியமான குறைகளை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த டிசம்பரில் அடையாறு ஆறு பெருகியது ஊரறிந்த செய்தி என்பதால், விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று நீங்கள் வாதாட முடியும், வென்றும் விடலாம். ஆனால் உங்கள் வீட்டுக்குள் எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்பது உங்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. விற்பனை ஒப்பந்தத்தில் அதை ஒரு வரியாக எழுதிவிட்டால் அந்தப் பேச்சு பிறகு எழாது. தெரிந்த பிறகும் வாங்கியவர் அதைக் காரணம் காட்டிப் பணத்தைப் பிடித்துவைக்க முடியாது.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரிவான கணக்குக்கு ஒரு பட்டயக் கணக்காளரைப் பாருங்கள். விற்பனை லாபத்தின் மீதான மூலதன ஆதாய வரி ஒவ்வொருவருடைய பங்குக்கும் தனித்தனியாக வரும். 2001-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி நிலவிய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பை அது தாண்டக் கூடாது. இந்தியாவில் வசிக்கும் நீங்களும் தம்பியும் அம்மாவும் மற்றவர்களும், பணவீக்கக் குறியீட்டைச் சேர்க்காமல் 12.5 சதவீதம், சேர்த்து 20 சதவீதம் என்ற இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். 2025-26-க்கான குறியீட்டெண் 376 என்பதால், விற்பனை விலை 2001 மதிப்பைப் போல ஏறத்தாழ 8.4 மடங்குக்குள் இருந்தால் 20 சதவீத வழி லாபம், அதற்கு மேல் போனால் 12.5 சதவீத வழி லாபம். வேறு வீடு வாங்குவதற்கும், ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் 50 லட்சம் வரை முதலீடு செய்வதற்கும் விலக்கு உண்டு.

அண்ணனுக்கு இந்தத் தேர்வு கிடையாது; வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் 12.5 சதவீதம் மட்டுமே. அதைவிட அவரை உடனடியாகத் தொடும் விஷயம் வேறு. உங்களிடமிருந்து வாங்குபவர் பிடிக்கும் வரி 1 சதவீதம்தான். அண்ணனிடம் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து ஏறத்தாழ 15 சதவீதத்தை, ஆதாயத்தின் மீது அல்லாமல் முழுத் தொகையின் மீதே பிடிப்பார்கள். அது சுமார் 40 லட்சம் ரூபாய். உண்மையான ஆதாயத்தைக் காட்டி, குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழை வருமான வரித் துறையிடமிருந்து பத்திரத்துக்கு முன்பே அவர் வாங்கிவிட வேண்டும். தை மாதத்துக்குள் எல்லாம் முடியாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பணத்தை அவருடைய என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் தம் இந்திய வருவாய்க்காக இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) வாங்கினால், வரிச் சான்றுகளோடு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே எடுத்துச் செல்லலாம். நேரில் வர முடியாவிட்டால், இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்ட அதிகார ஆவணத்தை உங்களுக்கோ தம்பிக்கோ அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும், பதிவின்போது அண்ணனின் உயிர்ச்சான்றும் வேண்டும்.

வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகத் தரலாம் என்று தரகர் ஜாடையாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் வாங்குபவரின் செலவு. அதில் அவர் மிச்சம் பிடிப்பதற்காக நீங்கள் ஆபத்தை ஏற்கிறீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான தண்டம் விற்றவர் மீது விழும். ஏழு பேருக்குப் பிரிக்க வேண்டிய பணத்தில் கணக்கில் வராத பகுதி ஒன்று இருந்தால், அதை யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற சண்டை குடும்பத்துக்குள்ளேயே தொடங்கும்.

கடைசியாக, முன்பணத்துக்குத் தரகர் எழுதி வைத்திருக்கும் ஒரு பக்கத் தாளில் கையெழுத்திடாதீர்கள். அதில் நீங்கள் மூவரும் அம்மாவும் 'ஏகபோக உரிமையாளர்கள்' என்று இருக்கிறது, அது உண்மையல்ல. ஒப்பந்தங்களை நிறைவேற்றுவது பற்றிய சட்டத்தில் வந்த 2018 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தத்தை நிறைவேற்றிக் கொடுக்கும்படி வாங்குபவர் நீதிமன்றத்தை நாடினால், அதைத் தட்டிக்கழிக்க விற்பவருக்கு முன்பு இருந்த இடம் இப்போது இல்லை. தமிழ்நாட்டில் 2012 முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். அத்தையும் சித்தியும் அவர் மகனும் சம்மதித்த பிறகு, ஏழு பேரையும் விற்பவர்களாகக் காட்டி, வெள்ளத்தைப் பற்றிய வரியையும் அண்ணனின் வரிச் சான்றுக்கான கால அவகாசத்தையும் சேர்த்து, ஆறு மாத கெடுவோடு ஓர் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். வங்கியில் போடாமல் வைத்திருக்கும் 25 லட்சத்துக்கான காசோலையை அதுவரை திருப்பிக் கொடுத்துவிட்டு, தாமதத்துக்கான காரணத்தை மருத்துவத் தம்பதியரிடம் நேராகவே சொல்லுங்கள். அவர்கள் வங்கிக் கடனில் வாங்குவதாக இருந்தால், அவர்களுடைய வழக்குரைஞரும் இதே ஐந்தாவது பெயரைத்தான் முதலில் கேட்பார்.